சோர்வும் சோம்பலும்: சுரப்பிக் காய்ச்சலை அறிதலும் அதிலிருந்து மீளுதலும்



மொழிக்கென அமைந்த இம்மேடையில் ஒரு மருத்துவனுக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அழைப்பு வந்தபோது நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆயினும் நோயாளிகளோடு பல்லாண்டுகள் பேசிப் பழகியதில் ஒன்றைக் கற்றிருக்கிறேன். மருந்து எழுதுவதற்கு முன்னர் மருத்துவன் செய்யும் வேலை, நோய்க்குப் பெயர் சொல்வது. அந்தப் பெயர் நோயாளிக்கும் அவர் வீட்டாருக்கும் விளங்காமற் போனாலோ, தவறாக விளங்கினாலோ, அதன் துன்பம் நோயின் துன்பத்தோடு சேர்ந்துகொள்கிறது. ஆகவே இன்றைய உரை பாதி மருத்துவம் பற்றியது. பாதி சொற்கள் பற்றியது.

திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துள்ளார் என்பதை ஆசிரியர்களாகிய நீங்கள் அறிவீர்கள். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் ஆகியோரே அந்நான்கு. நான் பேச எடுத்துக்கொண்ட நோயில் மூன்றாம் கூறாகிய மருந்து ஏறக்குறைய இல்லை. அதை நேரடியாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை வழக்கில் இல்லை. மருந்து தாங்கவேண்டிய சுமை அப்போது நான்காமவரின் தோளுக்கு வந்துவிடுகிறது. பள்ளிப் பருவத்துப் பிள்ளைக்கு அந்த நான்காமவர் பெற்றோர் மட்டுமல்லர். பகற்பொழுதின் பெரும்பகுதியை அப்பிள்ளையோடு கழிக்கும் ஆசிரியரும் வகுப்புத் தோழருமே ஆவர். உங்கள் முன் இதைப் பேச வந்ததற்குக் காரணம் இதுதான்.

நோயின் பெயர் இன்ஃபெக்‌ஷியஸ் மோனோநியூக்ளியோசிஸ். பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றும் நம்மவர் கிளாண்டுலர் ஃபீவர் என்பர். தமிழில் சுரப்பிக் காய்ச்சல் என்று எழுதி வருகிறோம்.

ஒரு மாணவியும் என் மூன்று தவறுகளும்

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, உயர்நிலை நான்கில் பயின்றுகொண்டிருந்த ஒரு மாணவியை அவருடைய தாயார் என்னிடம் அழைத்து வந்தார். அவர் இன்னார் என்று அறிய இயலாதவாறு சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். ஐந்து நாளாகக் காய்ச்சல். தொண்டையில் கடும் வலி. எச்சில் விழுங்குவதே பெரும்பாடாக இருந்தது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். தொண்டைச் சதைகள் இரண்டும் வீங்கி, அவற்றின்மேல் வெண்படலம் படர்ந்திருந்தது. வெளியே பலர் காத்திருந்தனர். பாக்டீரியாவால் வந்த தொண்டை அழற்சி என்று முடிவு செய்து, அமாக்சிசிலின் எழுதித் தந்து அனுப்பினேன். கழுத்தின் பின்புறத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. அது என் முதல் தவறு.

எட்டாம் நாள் திரும்பி வந்தபோது மார்பு, முதுகு, கைகள் எங்கும் சிவந்த தடிப்புகள். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். பதிவட்டையில் ‘பென்சிலின் ஒவ்வாமை’ என்று சிவப்பு மையால் எழுதி அடிக்கோடும் இட்டேன். அது இரண்டாம் தவறு.

மேலும் இரண்டு வாரம் கழிந்தது. இம்முறை தாயாருடன் பாட்டியும் வந்திருந்தார். காய்ச்சல் தணிந்துவிட்டது, தொண்டை வலியும் இல்லை. ஆனால் பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் படுத்துவிடுகிறாள், வகுப்பில் மேசைமேல் தலைசாய்த்து உறங்குகிறாள், வலைப்பந்துப் பயிற்சிக்குப் போவதில்லை என்றார் தாயார். தேர்வு நெருங்கும் வேளையில் பிள்ளைக்குச் சோம்பல் கூடிவிட்டதாக வகுப்பாசிரியர் சொல்லியனுப்பியிருந்தார். தாயாரும் அவ்வாறே நம்பத் தொடங்கியிருந்தார். மாணவி தலைகுனிந்தவாறே, “எனக்குப் படிக்க ஆசையாத்தான் இருக்கு டாக்டர். உடம்புதான் எழுந்திருக்க மாட்டேங்குது” என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் பாட்டி பேத்தியின் பின்னலை ஒதுக்கிக் கழுத்தின் பின்புறத்தைக் காட்டினார். “இங்க பாருங்க தம்பி, நெறி கட்டியிருக்கு. மொத வாரத்துலேயே இருந்துச்சு” என்றார். தொட்டுப் பார்த்தேன். இரு பக்கமும் கொண்டைக்கடலை அளவில் வரிசையாகத் தட்டுப்பட்டன. இரத்தம் எடுத்து அனுப்பினேன். முடிவு வந்தபோது ஐயத்திற்கு இடமில்லை. சுரப்பிக் காய்ச்சல்தான்.

மூவரையும் வரவழைத்து முடிவைச் சொன்னேன். தாயாரின் அச்சத்தைக் குறைக்கலாம் என்று எண்ணி, ஆங்கிலத்தில் இதற்கு ‘முத்த நோய்’ என்று ஒரு செல்லப்பெயர் உண்டென்று சிரித்துக்கொண்டே சொல்லிவைத்தேன். தாயார் சிரிக்கவில்லை. மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார். மகளின் முகம் சிவந்தது. ஆங்கிலம் அறியாத பாட்டி, “என்னவாம்?” என்று மூன்று முறை கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அன்றிரவு அப்பிள்ளையின் கைத்தொலைபேசி பறிக்கப்பட்டதையும், யாரோடு பழகுகிறாய் என்ற விசாரணை நடந்ததையும் பின்னர்தான் அறிந்தேன். அது மூன்றாம் தவறு. மூன்றிலும் பெரியது அதுவே.

புறப்படும்போது பாட்டி சொன்னார்: “எனக்குத் தமிழ்ல எழுதிக் குடுங்க தம்பி. வீட்டுல நான் சொல்லிக்கிறேன்.” தாளை எடுத்தேன். பள்ளிக்குரிய ஆங்கிலக் கடிதத்தை இரண்டு நிமிடத்தில் முடித்திருந்த கை, தமிழில் முதல் வரியைத் தாண்டவில்லை. அடுத்த முறை தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பெயர் வந்த வழி

இந்நோயின் ஒவ்வொரு பெயரும் அதன் ஒரு பகுதியைத்தான் காட்டுகிறது. 1889ஆம் ஆண்டில் எமில் ஃபைஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர், காய்ச்சலும் கழுத்து வீக்கமும் சேர்ந்து வரும் ஒரு நோயை விவரித்து, அதற்குச் சுரப்பிக் காய்ச்சல் எனப் பொருள்படும் ஜெர்மன் பெயரை இட்டார். கழுத்தில் வீங்குபவை உண்மையில் சுரப்பிகள் அல்ல. அவை எதையும் சுரப்பதில்லை. அவை நிணநீர்க் கணுக்கள். உடலின் எதிர்ப்பாற்றல் தங்கியிருக்கும் காவல் நிலையங்கள். தொற்று வரும்போது அங்கே வெள்ளணுக்கள் பெருகுவதால் அவை புடைக்கின்றன. ‘நெறி கட்டுதல்’ என்று பாட்டி சொன்னாரே, அது இந்தக் கணுக்களின் வீக்கத்தைக் குறிக்க நம் மக்கள் நெடுங்காலமாக ஆளும் சொல். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பதைப் படிப்பறியாத மூதாட்டியும் அறிவார். நூலில் இருந்த சொல்லைக் காட்டிலும் வீட்டில் இருந்த சொல் அன்று நோய்க்கு அருகில் நின்றது.

1920இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஸ்ப்ரண்ட், எவான்ஸ் என்னும் இருவர், இந்நோயாளிகளின் இரத்தத்தில் ஒற்றைக் கரு உடைய வெள்ளணுக்கள் மிகுந்து, உருவமும் மாறியிருப்பதைக் கண்டு, மோனோநியூக்ளியோசிஸ் என்ற பெயரைத் தந்தனர். 1932இல் பால், பன்னல் என்போர், நோயாளியின் இரத்தநீர் ஆட்டின் சிவப்பணுக்களைத் திரளச் செய்வதைக் கண்டறிந்தனர். இன்று மருந்தகங்களில் செய்யப்படும் விரைவுச் சோதனைக்கு அக்கண்டுபிடிப்பே மூலம்.

காரணம் மட்டும் தெரியாமலே இருந்தது. அது தெரியவந்த வழி எவரும் எதிர்பாராதது. உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் என்னும் அறுவை மருத்துவர், ஆப்பிரிக்கச் சிறுவரின் தாடையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய் பற்றி 1961இல் லண்டனில் உரையாற்றினார். கேட்டுக்கொண்டிருந்த ஆண்டனி எப்ஸ்டீன், இதற்குப் பின்னால் ஒரு வைரஸ் இருக்கலாம் என ஐயுற்றார். உகாண்டாவிலிருந்து கட்டித் துணுக்குகள் விமானத்தில் வரவழைக்கப்பட்டன. ஈராண்டுக்கும் மேலாக ஒன்றும் அகப்படவில்லை. ஒருமுறை மூடுபனியால் விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட, துணுக்கு காலந்தாழ்ந்து வந்து சேர்ந்தது. திரவம் கலங்கியிருந்தது. கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாமல் உருப்பெருக்கியில் பார்த்தார்கள். உயிருள்ள அணுக்கள் தனித்தனியே மிதந்துகொண்டிருந்தன. அவற்றை வளர்க்க முடிந்தது. 1964இல் எப்ஸ்டீன், அச்சாங், பார் ஆகிய மூவரும் அந்த வைரஸை மின்னணு நுண்ணோக்கியில் கண்டதை வெளியிட்டனர். அது எப்ஸ்டீன்-பார் வைரஸ் எனப் பெயர் பெற்றது.

அதே வைரஸ்தான் சுரப்பிக் காய்ச்சலையும் உண்டாக்குகிறது என்பது பின்னர், ஃபிலடெல்ஃபியாவில் ஹென்லே தம்பதியரின் ஆய்வுக்கூடத்தில் தெளிவாயிற்று. அங்கே பணியாற்றிய ஒரு பெண்ணின் இரத்தத்தில் முன்பு அவ்வைரஸுக்குரிய எதிர்ப்பொருள் இல்லை. அவருக்குச் சுரப்பிக் காய்ச்சல் வந்தது. வந்தபின் சோதித்தபோது எதிர்ப்பொருள் இருந்தது. 1968இல் அம்முடிவு வெளியாயிற்று.

எச்சில் வழி வருவது

இவ்வைரஸ் முதன்மையாக உமிழ்நீர் வழியே பரவுகிறது. முத்தம் அதற்கு ஒரு வழி. ஒரே வழி அன்று. ஒரே போத்தலில் பலர் வாய்வைத்துக் குடிப்பது, ஒரே கரண்டியால் உண்பது, குழந்தைக்கு உணவை வாயால் சுவை பார்த்து ஊட்டுவது ஆகியவையும் வழிகளே. வலைப்பந்துத் திடலில் ஒரே போத்தல் ஏழு பேர் வாய்க்குச் செல்வதை நான் பார்த்திருக்கிறேன். என் நோயாளிக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. தொற்றியதற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே நான்கு முதல் ஆறு வாரம் கடந்துவிடுவதால், பெரும்பாலும் எவராலும் அதைச் சொல்ல இயலாது. ஆகவே இந்நோயைக் கொண்டு ஒரு பிள்ளையின் ஒழுக்கத்தை அளப்பது அறிவுக்கும் பொருந்தாது, அறத்திற்கும் பொருந்தாது.

எச்சில் படக்கூடாது, அண்ணாந்து குடி என்று நம் பெரியோர் சொல்லி வளர்த்தது இங்கே நினைவுக்கு வரும். நல்ல பழக்கந்தான். எனினும் அதனால் இவ்வைரஸை முற்றாகத் தவிர்த்துவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். உலகில் வயதுவந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இது ஏற்கெனவே தொற்றியிருக்கிறது. இந்த அவையில் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் உடலிலும் அது உறங்கிக்கொண்டிருக்கிறது. குழந்தைப் பருவத்தில் தொற்றினால் சளிக்காய்ச்சல் போல வந்து போய்விடும்; அல்லது வந்ததே தெரியாது. பதின்பருவத்திலோ இருபதுகளின் தொடக்கத்திலோ முதன்முறையாகத் தொற்றும்போதுதான், வலுப்பெற்றுவிட்ட எதிர்ப்பாற்றல் அதனோடு கடுமையாகப் போரிடுகிறது. நாம் நோய் என்று உணர்வது பெரும்பாலும் அந்தப் போரைத்தான். தேர்வுகள் நெருக்கும் ஆண்டுகளில் இந்நோய் வந்து நிற்பதற்கு அதுவே காரணம்.

அறிகுறிகளை அறிதல்

மூன்று குறிகள் சேர்ந்து வந்தால் இந்நோயை நினைக்க வேண்டும்: காய்ச்சல், தொண்டை அழற்சி, நெறி கட்டுதல். நான்காவதாக, காய்ச்சலின் அளவுக்குப் பொருந்தாத பெருஞ்சோர்வு. காய்ச்சல் ஓரிரு வாரம் நீடிக்கலாம். சாதாரணத் தொண்டை அழற்சியில் தாடைக்குக் கீழே, கழுத்தின் முன்புறத்தில் நெறி கட்டும். இந்நோயில் கழுத்தின் பின்புறத்திலும் கட்டும். அக்குளிலும் தொடையிடுக்கிலுங்கூடக் கட்டலாம். காலையில் மேல் இமைகள் வீங்கியிருப்பதும், மேலண்ணத்தில் சிறு செம்புள்ளிகள் தோன்றுவதும் துணைக்குறிகள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மண்ணீரல் பெருக்கிறது. கல்லீரலும் சற்று அழற்சியுறும். சிலருக்குக் கண் மஞ்சளாகும்.

நம் நாட்டில் காய்ச்சல் என்றதும் டெங்கியை நினைக்கிறோம், நினைக்கத்தான் வேண்டும். டெங்கி பெரும்பாலும் திடீரென்று கடுங்காய்ச்சலாகத் தொடங்கும்; கண்ணின் பின்புறம் வலிக்கும்; மூட்டும் எலும்பும் நோகும்; வெள்ளணுக்களும் இரத்தத் தட்டணுக்களும் குறையும். சுரப்பிக் காய்ச்சல் பெரும்பாலும் மெல்லத் தொடங்கும். தொண்டையே முதன்மையாக வலிக்கும். வெள்ளணுக்களுள் நிணவணுக்கள் மிகும். இந்த வேறுபாடுகள் வழிகாட்டிகளே, தீர்ப்புகள் அல்ல. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும் நேரமும் உண்டு. டெங்கி இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்றவற்றை நாமாக எடுத்துக்கொள்ளலாகாது.

இரத்தச் சோதனையில் நிணவணுக்கள் பாதிக்கு மேல் இருப்பதும், உருமாறிய அணுக்கள் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருப்பதும் வலுவான சான்றுகள். விரைவுச் சோதனை முதல் வாரத்தில் நான்கில் ஒருவருக்குத் தவறாக ‘இல்லை’ என்று காட்டிவிடலாம். ஐயம் நீடித்தால் சில நாள் கழித்து மீண்டும் செய்யலாம்; அல்லது அவ்வைரஸுக்கே உரிய எதிர்ப்பொருள்களைச் சோதிக்கலாம். ஒருமுறை இல்லை என்று வந்ததால் பிள்ளை நடிக்கிறது என்று பொருளாகாது.

‘கிருமி’ என்ற ஒரே சொல்

என் முதல் தவற்றுக்கு மீண்டும் வருகிறேன். நம் வழக்கில் பாக்டீரியாவும் கிருமி, வைரஸும் கிருமி. கிருமியைக் கொல்லும் மருந்து என்று சொல்லி ஆன்டிபயாட்டிக்கை நீட்டினால், எல்லாக் கிருமியையும் அது கொல்லும் என்று நோயாளி நம்புவதில் பிழையென்ன? ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவை எதிர்க்கும், வைரஸை அணுகாது. இந்த ஒரு வேறுபாட்டை மாணவருக்குத் தெளிவாகச் சொல்லித்தர, வைரஸுக்கு நச்சுயிரி என்றும் பாக்டீரியாவுக்கு நுண்ணுயிரி என்றும் தனித்தனிச் சொற்களை ஆளலாம். அல்லது வைரஸ், பாக்டீரியா என்றே வழங்கலாம். எதை ஆண்டாலும் இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைக்காமல் இருப்பது நலம்.

சுரப்பிக் காய்ச்சல் உள்ளவருக்கு அமாக்சிசிலினோ ஆம்பிசிலினோ கொடுத்தால் பலருக்கு உடலெங்கும் தடிப்பு வரும். இது இந்நோயின் பழைய, நன்கறிந்த அடையாளம். பெரும்பாலும் அது நிலையான பென்சிலின் ஒவ்வாமை அன்று. ஆனால் அவ்வாறு எழுதிவிட்டால், அந்தப் பட்டம் வாழ்நாள் முழுதும் கூடவரும்; உண்மையிலேயே பென்சிலின் தேவைப்படும் நாளில் அது மறுக்கப்படும். உங்களுள் எவருக்கேனும் இப்படியொரு பதிவு இருந்து, அது தொண்டைவலிக் காலத்தில் வந்ததாக நினைவிருந்தால், மருத்துவரிடம் சொல்லி முறைப்படி சோதித்துக்கொள்ளுங்கள். நீங்களாகவே மருந்தை எடுத்துப் பார்க்காதீர்கள்.

மருந்தில்லாத நோயில் செய்யக்கூடியவை

காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால், குறித்த அளவில். கல்லீரல் சோர்ந்திருக்கும் காலம் ஆதலால் அளவை மீறலாகாது. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு ஆஸ்பிரின் கூடாது. தண்ணீர், கஞ்சி, ரசம் என்று எது தொண்டையில் இறங்குகிறதோ அது. வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளிப்பது இதம் தரும். கடும் பத்தியம் என்று பட்டினி போட வேண்டியதில்லை. வயதுவந்தோர் மது அருந்துவதைத் தவிர்க்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்து, தொண்டை வீங்கி மூச்சு அடைபடுவது போன்ற சில நிலைகளுக்கு மட்டுமே.

உடற்கல்வி ஆசிரியர்கள் சிறப்பாக மனங்கொள்ள வேண்டியது மண்ணீரலைப் பற்றியது. அது இடப்பக்க விலா எலும்புகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும் உறுப்பு. பெருத்து மென்மையாகிவிட்ட நிலையில் அடிபட்டால், சிலவேளை அடிபடாமலே, கிழியக்கூடும். இது மிக அரிது. நூற்றில் ஒருவருக்கும் குறைவு. நேர்ந்தால் உயிருக்கே கேடு. பெரும்பாலும் முதல் மூன்று வாரத்திற்குள் நேர்வதால், நோய் தொடங்கியதிலிருந்து குறைந்தது மூன்று வாரத்திற்குக் காற்பந்து, ரக்பி, சிலம்பம், வலைப்பந்து போன்ற மோதலுக்கு இடமுள்ள விளையாட்டுகளும் பளுதூக்குதலும் வேண்டாம். மருத்துவர் கூடுதல் காலம் சொன்னால் அதையே கொள்ளவேண்டும். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று பயிற்சியாளர் அழைத்தாலும், போட்டி நெருங்குகிறது என்று மாணவரே துடித்தாலும், மருத்துவரைக் கேட்காமல் திடலில் இறங்கலாகாது.

இடப்பக்க மேல்வயிற்றில் திடீர் வலி, இடத்தோள் நுனியில் காரணமற்ற வலி, மயக்கம், உடல் வெளிறிக் குளிர்ந்துபோதல். மூச்சுத் திணறல், தண்ணீரும் விழுங்க இயலாமை. கடும் தலைவலியோடு கழுத்து விறைத்தல், குழப்பமான பேச்சு. இவற்றுள் எது தோன்றினாலும் காத்திராமல் 995ஐ அழைக்க வேண்டும்.

நோய் பரவாதிருக்கப் பிள்ளையை மாதக்கணக்கில் ஒதுக்கிவைக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டியதில்லை. நோய் நீங்கிப் பல மாதம் வரையிலும் உமிழ்நீரில் வைரஸ் இருக்கும். பின்னரும் வாழ்நாள் முழுதும் அவ்வப்போது தலைகாட்டும். நலமாக உலவும் பலரின் உமிழ்நீரிலும் அது உண்டு. போத்தலையும் கரண்டியையும் பகிராமல் இருந்தால் போதும். உடல் இடங்கொடுக்கும்போது பள்ளிக்கு வரலாம். இந்த வைரஸுக்கும் மூக்குத்தொண்டைப் புற்றுநோய், தண்டுவட மரப்பு நோய் ஆகியவற்றுக்கும் தொடர்பு உண்டு என்று படித்து அஞ்சுவோர்க்கும் ஒரு சொல். வைரஸ் தொற்றியோர் உலகில் கோடானுகோடிப் பேர். அந்நோய்கள் வருவது அவர்களுள் மிகச் சிலருக்கே.

மீளும் காலம்

பெரும்பாலோர் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தேறிவிடுகிறார்கள். சோர்வு மட்டும் சிலரை விடுவதில்லை. சுரப்பிக் காய்ச்சல் வந்த பதின்பருவத்தினர் 301 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2009இல் வெளியாயிற்று. ஆறு மாதத்திற்குப் பின்னும் 13 விழுக்காட்டினருக்கு நாட்பட்ட சோர்வு நோய் இருந்தது. ஈராண்டு முடிவில் அது 4 விழுக்காடாகக் குறைந்தது. நாற்பது பேர் கொண்ட ஒரு வகுப்பில் இந்நோய் வருவது ஒருவருக்கோ இருவருக்கோ இருக்கலாம். அந்த ஒருவர் நீண்டநாள் சோர்பவராக இருந்துவிட்டால், அவருக்கு அந்த ஆண்டின் முழு வாழ்வும் அதுதான்.

ஓய்வு என்பது படுக்கையிலேயே கிடப்பது அன்று. முழுப் படுக்கை ஓய்வு விதிக்கப்பட்டவரைவிட, இயன்றபோது எழுந்து நடமாட விடப்பட்டவர் விரைவில் தேறியதை 1960களிலேயே கல்லூரி மாணவரிடம் கண்டிருக்கிறார்கள். முரட்டுத்தனமாக முயல்வதும் உதவாது. ஒரு நாள் தெம்பாக இருக்கிறது என்று விட்டதையெல்லாம் ஒரே மூச்சில் படித்து, அடுத்த மூன்று நாள் எழமுடியாமற் கிடப்பதைப் பலரிடம் காண்கிறேன். நல்ல நாளில் கொஞ்சம் மிச்சம் வைத்து நிறுத்துவதும், மோசமான நாளில் சிறிதேனும் செய்வதும் நன்று. உறங்கும் நேரமும் விழிக்கும் நேரமும் நாளுக்கு நாள் மாறாதிருக்க வேண்டும். பள்ளிக்கு முதலில் அரைநாள், பிறகு முழுநாள், துணைப்பாட வகுப்புகள் கடைசியில். ஆசிரியர் செய்யக்கூடியவை சிறியவை: வீட்டுப்பாடத்தில் இன்றியமையாததை மட்டும் கேட்பது, குறிப்புகளைத் தோழர் வழி அனுப்புவது, இடைவேளையில் தலைசாய்க்க ஓரிடம் தருவது, தேர்வுக்குரிய சலுகை தேவைப்படுமானால் மருத்துவச் சான்றை முன்கூட்டியே கேட்டுப் பெறுவது. சில வாரத்திற்கு மேலும் சோர்வு குறையாவிட்டால் மீண்டும் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இரத்தச்சோகை, தைராய்டு குறை, மனச்சோர்வு என வேறு காரணங்களும் ஒளிந்திருக்கலாம்.

இரண்டு சொற்கள்

இறுதியாக ஒரு சொல்லாராய்ச்சி. தமிழில் களைப்பு என்றொரு சொல் உண்டு. அது உழைப்பால் வருவது, உறங்கினால் தீர்வது. சோர்வு, அயர்ச்சி என்பன மனம் விரும்பியும் உடல் இயலாத நிலை. சோம்பல் என்பது உடல் இயன்றும் மனம் விரும்பாத நிலை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒரே காட்சியாகத் தெரியும்: மேசைமேல் சாய்ந்த ஒரு தலை. மடியின்மைக்குத் தனி அதிகாரமே வகுத்த மரபில் வந்தவர்கள் நாம். சோம்பேறி என்ற சொல் நம் பிள்ளைகளின் நெஞ்சில் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதை அறிவோம். ஆகவே அதைச் சொல்லுமுன் ஒரு கேள்வி கேட்கலாம்: “முன்பு நீ விரும்பிச் செய்ததையும் இப்போது செய்ய முடியவில்லையா?” பாடத்தை மட்டும் விட்டவர் சோம்பலுற்றிருக்கலாம். உயிராக நேசித்த வலைப்பந்தையும் விட்டவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

அந்த மாணவி தேர்வெழுதினார். எதிர்பார்த்த மதிப்பெண் எல்லாப் பாடத்திலும் வரவில்லை. நான்கு மாதத்தில் உடல் முற்றும் தேறியது. ஒவ்வாமைச் சோதனைக்கு அவரை அனுப்பினேன். ஒவ்வாமை இல்லை என்று வந்தது. பதிவட்டையில் என் சிவப்பு வரியை நானே அடித்துக் கையொப்பமிட்டேன். தாயாரிடமும் மகளிடமும் அந்தச் செல்லப்பெயருக்காக மன்னிப்புக் கேட்டேன். பாட்டிக்கு வாக்களித்த கடிதத்தை மட்டும் எழுதவேயில்லை. அவர் இன்று இல்லை. இப்போது எழுதினால் இவ்வாறு எழுதுவேன்:

“அம்மா, உங்கள் பேத்திக்கு வந்திருப்பது நெறி கட்டும் காய்ச்சல். அது ஒரு வைரஸால் வருவது. நம்மில் பெரும்பாலோருக்கு எப்போதோ வந்து போனது. அவள் எந்தத் தவறும் செய்யவில்லை. காய்ச்சல் விட்டாலும் சோர்வு சில வாரமோ சில மாதமோ இருக்கும். அது சோம்பல் அன்று. மூன்று வாரத்திற்கு ஓடியாட விடவேண்டாம். இடப்பக்கம் வயிறு வலித்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மருந்து தர என்னிடம் அதிகமில்லை. மீதியை நீங்களும் அவள் ஆசிரியரும்தான் தரவேண்டும். நெறியை முதலில் கண்டவர் நீங்கள். நன்றி.”